துருப்பிடிக்காத எஃகா?

ஒரு பெயரின் மீது எனக்கு வழக்கு உண்டு. 'துருப்பிடிக்காத எஃகு' என்பதே அந்தப் பெயர். வாசகர்களாகிய நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

இரும்புடன் குரோமியம் கலந்தால் துருப்பிடிக்காது என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடிக்கின்றன. மாணவரும் அதையே எழுதி மதிப்பெண் பெறுகிறார். ஆங்கிலப் பெயர் 'கறைபடாத' எஃகு என்ற அளவில் நிற்க, நாம் துருவே பிடிக்காது என்று உறுதிமொழி கொடுத்துவிட்டோம். பாத்திரக் கடைக்காரர் இன்னும் தாராளம். 'எவர்சில்வர்' என்கிறார்!

உண்மை என்ன? 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகை உருவாக்கினார். குரோமியம் ஆக்சிஜனை வெறுக்கும் உலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பைவிட அதற்கு ஆக்சிஜன் மீது ஆசை அதிகம். அந்த ஆசையால் மேற்பரப்பில் ஓர் ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான் அதன் தடிப்பு. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தவுடன் படலம் மீண்டும் மூடிக்கொள்கிறது. ஆக, எஃகைக் காப்பது இந்தப் படலமே. பாடநூல் வரியில் விட்டுப்போனதும் இதுவே.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கடல்நீர் செல்லும் குழாயை எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் குளோரைடு மட்டுமே 19 கிராம். இந்த அயனிகள் படலத்தின் பலவீனமான இடங்களை உடைக்கின்றன. குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டுகளுக்கு நடுவே, வாஷர் அமர்ந்திருக்கும் மெல்லிய இடுக்கில்தான் பெரும் ஆபத்து. அங்கே சிக்கிய நீரில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. இனிப் படலம் புதுப்பிக்கப்படாது. கரைந்த உலோக அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்னூட்டத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே வருகிறது. இடுக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தயாராகிறது என்றே சொல்லலாம்! பம்பை நிறுத்தி நீரைத் தேங்கவிட்டால், படிந்த சேறும் ஒட்டிய சிப்பியும்கூட இத்தகைய இடுக்குகளை உண்டாக்கும்.

குழாய் வெளிப்பார்வைக்குப் பளபளவென்றே இருக்கும். எடையும் குறையாது. ஒருநாள் ஊசித்துளை வழியே நீர் கசியும். ஆகையால் 'ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் தேயும்' என்ற சராசரிக் கணக்கு இங்கே உதவாது.

கடலுக்கு ஏற்றது என்று விற்கப்படும் 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. கடற்காற்றை அது ஓரளவு தாங்கும். கடல்நீரைச் சுமக்கும் குழாய்க்கு அது போதாது. பொறியாளர்கள் ஓர் எளிய கணக்குப் போடுகிறார்கள். குரோமிய விழுக்காட்டுடன் மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்டுவார்கள். 316-க்கு 24 அளவில் வரும். கடல்நீருக்கு 40-க்கு மேல் வேண்டும். 25 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு மாலிப்டினமும் சிறிது நைட்ரஜனும் கொண்ட வகை 42-ஐ எட்டுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உயர் அழுத்தக் குழாய்களில் இத்தகைய வகைகளைக் காணலாம். விலையும் அதற்கேற்ப உண்டு. இக்கணக்கும் வரிசைப்படுத்தத்தான் உதவும். நீர் வெப்பமானால் 42-ம் தடுமாறக்கூடும்.

குளோரைடின் வேலை குழாயோடு நிற்பதில்லை. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், உள்ளரங்கு நீச்சல் குளத்தின் கான்கிரீட் மேற்கூரை இடிந்து 12 பேர் உயிரிழந்தனர். கூரையைத் தாங்கியவை இந்த எஃகுக் கம்பிகளே. குளோரின் கலந்த குளத்தின் காற்றிலிருந்து கம்பிகளின் மேல் குளோரைடு படிந்தது. கம்பிகளோ எடையால் இழுவிசைக்கு உட்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து அவற்றில் விரிசலை வளர்த்தன. 'துருப்பிடிக்காத' என்ற பெயரை நம்பிவிட்டால், அத்தகைய கம்பியை இடையிடையே சோதிக்க யாருக்குத்தான் தோன்றும்?

வழக்கில் நான் கேட்கும் தீர்வு பெரிதல்ல. பெயர் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். பாடநூலில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: எஃகைக் காப்பது ஆக்சைடுப் படலம், அது புதுப்பிக்கப்பட ஆக்சிஜன் வேண்டும், குளோரைடு அதை உடைக்கும். பாட இறுதியில் ஒரு வினாவும் சேர்க்கலாம்: ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் நெடுநாள் வைத்திருந்தால் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுவது ஏன்?