எண்ணக்கருப் படமும் இணைப்புச் சொல்லும்

கற்றவற்றைக் கட்டமிட்டும் கோடிட்டும் காட்டும் வழக்கம் புதியதன்று. குலமுறை கூறும் கிளைப்படம், இலக்கண நூற்பதிப்புக்களிற் காணப்படும் பகுப்பு அட்டவணை, விஞ்ஞானப் பாடநூலின் பாகுபாட்டு வரைபு ஆகிய யாவும் அவ்வழக்கின் பாற்பட்டனவே. ஆயினும், எண்ணக்கருப் படம் என்னும் பெயராற் கல்வியுலகில் வழங்குவது இவற்றின் வேறாயது. அதனைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டுவது கட்டமுமன்று, கோடுமன்று, கோட்டின்மீது எழுதப்படும் சொல்லேயாகும். கணினி மென்பொருளின் துணையால் இப்படங்களை வரைதலும், ஒருவர் வரைந்ததை மற்றவர் நொடிப்பொழுதிற் பெறுதலும் எளிதாகிவிட்ட இக்காலத்தில், அச்சொல்லே பெரும்பாலும் முதலிற் கைநழுவிப் போகின்றது. அந்நழுவலின் காரணத்தை ஆராயுமிடத்து, குறை மென்பொருளை மட்டும் சார்ந்ததன்று என்பதும், தமிழிற் கற்பிப்போர் தனியே எதிர்நோக்கும் இடர் ஒன்று அதனுள் மறைந்திருப்பதும் புலனாகும்.

இப்படம் பிறந்த வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் யோசேப்பு நோவாக் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் தொடக்க வகுப்புச் சிறார்க்கு விஞ்ஞானப் பாடங்களைக் கற்பித்து, அச்சிறாரின் விளக்கம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றதென அறிய முயன்றனர். சிறாரைத் தனித்தனியே வினவிப் பெற்ற விடைகள் பக்கம் பக்கமாகக் குவிந்தன. ஒரு பிள்ளை முன்னர் அறிந்திருந்தது யாது, பின்னர் அறிந்துகொண்டது யாது என்பதை அக்குவியலினின்றும் பிரித்தெடுத்தல் அரிதாயிற்று. அவ்விடருக்குத் தீர்வாகவே, 1972 ஆம் ஆண்டில், பிள்ளையின் கூற்றுக்களைச் சிறு சிறு எடுப்புக்களாக்கிப் படமாக அமைக்கும் முறை உருப்பெற்றது. பன்னீராண்டு தொடர்ந்த அவ்வாய்வின் முடிபுகளை நோவாக்கும் முசொண்டாவும் 1991 இல் வெளியிட்டனர். எனவே இப்படம் ஆசிரியர் தாம் அறிந்ததை எடுத்துரைப்பதற்கென எழுந்த கருவியன்று. பிள்ளை சொன்னதைச் செவ்வனே கேட்பதற்கென எழுந்த கருவியாகும். இன்று அது வழங்கும் முறையை நோக்குமிடத்து இவ்வேறுபாடு மறக்கப்பட்டுவிட்டதென்றே கூறவேண்டியுள்ளது.

நோவாக்கின் கொள்கைக்கு அடிப்படையாய் நின்றவர் உளவியலறிஞர் டேவிட் ஓசுபெல். 1963 இலும் 1968 இலும் வெளிவந்த அவருடைய நூல்கள், பொருளுணர்ந்து கற்றலையும் நெட்டுருப் பண்ணலையும் வேறுபடுத்தின. கற்பவன் முன்னரே அறிந்தவற்றோடு புதியது பிணைக்கப்பட்டாலன்றி அது அவனுடைய அறிவாகாது என்பது அவர் கருத்து. அப்பிணைப்பைக் கண்ணுக்குப் புலனாக்குவதே படத்தின் நோக்கம். நோவாக்கும் கோவினும் சேர்ந்து 1984 இல் வெளியிட்ட நூல் இம்முறையை ஆசிரியர்க்கு விரித்துரைத்தது. விரிந்த எண்ணக்கரு மேலும் சிறப்பெண்ணக்கருக்கள் கீழுமாக அமையும். இரண்டிரண்டு கட்டங்களைக் கோடு தொடுக்கும். கோட்டின்மீது இணைப்புச் சொல் நிற்கும். கட்டம், சொல், கட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து, உண்மையென்றோ பொய்யென்றோ தீர்க்கத்தக்க ஓர் எடுப்பாகும். படத்தின் ஒரு புறத்திலுள்ள கருத்தை மறுபுறத்திலுள்ள கருத்தோடு தொடுப்பது குறுக்கிணைப்பு.

அந்நூல் புள்ளியிடும் முறையொன்றையும் வகுத்தது. சரியான எடுப்பொன்றுக்கு 1 புள்ளி, படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, தகுதியான குறுக்கிணைப்புக்கு 10, உதாரணத்துக்கு 1. குறுக்கிணைப்பைப் பத்து மடங்கு மதித்தமை நூலாசிரியரின் நுண்ணறிவுக்குச் சான்று. எனினும் படிநிலைக்குக் கொடுத்த ஐந்து புள்ளி ஐயத்துக்கிடமானது. எல்லாப் பொருளும் மேலிருந்து கீழாக இறங்கி நிற்பதில்லை. நீர் ஆவியாகி, முகிலாகி, மழையாகி மீண்டும் கடலை அடையும் வட்டத்தில் மேல் எது, கீழ் எது? இக்குறையைச் சபாயெனி, டெர்பென்ற்சேவா, கனியாஸ் ஆகிய மூவரும் 2005 இல் எடுத்துக்காட்டி, வட்டமாய் அமையும் படங்களும் வேண்டுமென வாதிட்டனர். அம்மூவருள் ஒருவரான அல்பேர்த்தோ கனியாஸ், கீழே கூறப்படும் மென்பொருளை ஆக்கியோருள் முதன்மையானவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. தம் கொள்கையின் குறையைத் தாமே ஆராயும் ஆய்வாளர் எக்காலத்தும் சிலரே.

புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரிலுள்ள மனித, இயந்திர அறிகை நிறுவகம் உருவாக்கிய ‘சீமப் ரூல்ஸ்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. வெற்றுப் பக்கத்திற் சுட்டியை இருமுறை அழுத்தினாற் கட்டமொன்று தோன்றும். அதனுள் நான்கு வினாக்குறிகள் நிற்கும். கட்டத்தின் மேலுள்ள அம்புக்குறியைப் பற்றி இழுத்தால் மற்றொரு கட்டமும், இரண்டையும் தொடுக்கும் கோடும் தோன்றும். அக்கோட்டின் நடுவிலும் நான்கு வினாக்குறிகள் உள. சிறிதென எண்ணத்தக்க இவ்வமைப்பே அம்மென்பொருளின் தலையாய சிறப்பென்க. கட்டம் எதுவென வினவுவது போலவே, தொடர்பு எதுவெனவும் அது வினவுகின்றது. நடுவே ஒரு சொல்லை வைத்துக் கிளை கிளையாய் நிறந்தீட்டும் மனப்படங்களில் இவ்வினா எழுவதில்லை. ஆங்கே கோடு ‘ஏதோ தொடர்புண்டு’ என்பதற்குமேல் யாதும் கூறாது.

கடதாசியில் வரைபவன் ஒரு கட்டத்தை இடம் மாற்ற வேண்டின் படம் முழுவதையும் மீள வரைதல் வேண்டும். அதனால் தன் முதற்பிழையோடு அமைதிகொள்கின்றான். மென்பொருளிற் கட்டத்தை இழுக்கக் கோடும் உடன்வரும். திருத்துதல் எளிதாதலால், திருத்தும் மனமும் வளர இடமுண்டு. படம் வளர்ந்த படிமுறையைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டிக்காட்டும் வசதியும் அதன்கண் உண்டு. ஒரு மாணவன் எக்கட்டத்தை முதலில் வைத்தான், எச்சொல்லை அழித்தெழுதினான் என்பதைக் காணும் ஆசிரியர்க்கு அது முடிந்த படத்தினும் பயனுடையது. நோவாக் தேடியது இதனையன்றோ?

இனி, பகிர்தல். இதனை இருவகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். இம்மென்பொருளை ஆக்கியோர் தொடக்ககாலத்தில் வகுத்த ‘அறிவு சூப்’ என்னும் முறையில், மாணவன் தன் எடுப்பொன்றைப் பொதுவிடத்திற் சேர்க்க, அதனோடு தொடர்புடைய பிறர் எடுப்புக்கள் அவனுக்குக் காட்டப்படும். அவற்றை அவன் வினவலாம், மறுக்கலாம். (பலர் கொணர்ந்த பலவும் ஒரு பானையிற் கூடுவதாகலின், யாழ்ப்பாணத்தார் அதனை ‘அறிவுக் கூழ்’ எனின் மிகப் பொருந்தும்.) ஈண்டுப் பகிரப்படுவது படமன்று, வாதத்துக்குரிய ஒற்றைக் கூற்று. இரண்டாம் வகையிலோ முடிந்த படம் முழுவதும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகின்றது. பெறுபவன் அதனைப் பார்த்துப் படியெடுப்பான். சோதனைக்கு முன் மனனஞ் செய்வான். நெட்டுருவை ஒழிக்கவென வந்த கருவி நெட்டுருவுக்கே புதிய ஏடாகிவிடுகின்றது. முன்னர்ப் பக்கக்கணக்கிற் குறிப்பெழுதிக் கொடுத்தவர் இப்பொழுது கட்டக்கணக்கிற் கொடுக்கின்றார். மாணவன் நிலையில் மாற்றம் யாதுமில்லை.

நோவாக்கும் கனியாஸும் 2006 இல் எழுதி 2008 இல் திருத்தி வெளியிட்ட கட்டுரையிற் காணும் இடைவழி ஆராயத்தக்கது. கடினமான பாடங்களில், துறைபோகியவர் அமைத்த சில கட்டங்கள் மட்டுங்கொண்ட எலும்புக்கூட்டுப் படத்தை மாணவனுக்குக் கொடுத்து, எஞ்சியவற்றை அவனே நிரப்புமாறு விடலாம் என்பர். படத்துட் சேரவேண்டிய எண்ணக்கருக்களை முதலில் ஒரு பட்டியலாக ஓரத்தே வைத்துக்கொள்ளவும் சொல்வர். அவ்வோரத்தை அவர்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒப்பிட்டனர். இடமறியாத கருத்து அங்கே காத்து நிற்கும். இறுதிவரை இடம்பெறாது நின்றுவிடின் அதுவும் ஆசிரியர்க்கு ஒரு செய்தியே.

இம்முறையாற் பயனுண்டா எனின், உண்டு. ஆயின் அதன் ஆர்வலர் கூறுமளவிற்கில்லை. நெஸ்பிற், அடெசோப்பே ஆகிய இருவர் 2006 இல் 5,818 பேர் பங்குபற்றிய 55 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, விரிவுரை கேட்டலினும் பாடப்பகுதியை வாசித்தலினும் படத்தைக் கையாளுதல் மிகுந்த பயன் தந்தமை தெரிந்தது. ஆனால், பாடச்சுருக்கம் எழுதுதலோடு ஒப்பிட்ட இடத்து வேறுபாடு சிறிதாயிற்று. ஆதலின் பயன் படத்தின் வடிவிலிருந்து மட்டும் வந்ததன்று; மாணவன் தானே செய்த முயற்சியிலிருந்தும் வந்ததென ஊகிக்கலாம். 2011 இற் கார்ப்பிக்கும் பிளன்றும் வெளியிட்ட ஆய்வு இன்னுஞ் சற்றுக் கடுமையானது. பாடத்தை முன்வைத்துக்கொண்டு படம் வரைந்த மாணவரினும், பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிய மாணவர் ஒரு கிழமைக்குப் பின் நிகழ்ந்த சோதனையிற் சிறந்து விளங்கினர். சோதனையே படம் வரைதலாக அமைந்தபோதும் முடிவு மாறவில்லை. இதற்கு மறுப்பும் அதே சஞ்சிகையில் வெளிவந்தது. எனினும் அவ்வாய்வினின்று ஆசிரியர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: நூலைத் திறந்துவைத்துப் படம் வரையச் சொல்லுதலினும், நூலை மூடிவைத்து வரையச் சொல்லுதல் நன்று. மென்பொருள் இரண்டிற்கும் இடங்கொடுக்கும். படியெடுத்து ஒட்டும் வசதியோ முன்னதற்கே துணைபோகும்.

இதுவரை கூறியவை எம்மொழியிற் கற்பிப்போர்க்கும் பொதுவானவை. தமிழிற் கற்பிப்போர்க்கு உள்ள தனியிடர் வேறு. கட்டம், சொல், கட்டம் என்னும் அடைவு ஆங்கில வாக்கியத்தின் அடைவாகும். ஆங்கே எழுவாய் முன்னும், வினை நடுவும், செயப்படுபொருள் பின்னுமாக நிற்பதால் படத்தை இடமிருந்து வலமாக வாசிக்க வாக்கியம் தானே அமையும். தமிழிற் பயனிலை இறுதியில் நிற்பது. செயப்படுபொருளோ வேற்றுமையுருபு ஏற்பது. ஆங்கிலப் படமொன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘வேர்’ என ஒரு கட்டமும் ‘நீர்’ என மற்றொரு கட்டமும் இட்டு, கோட்டின்மீது ‘உறிஞ்சும்’ என எழுதினால் விளைவது யாது? ‘வேர் உறிஞ்சும் நீர்’. ஓசையிற் குறையில்லை, வாசிப்பவன் தடையுறுவதுமில்லை. ஆயின் ‘உறிஞ்சும்’ என்பது ஈண்டுப் பெயரெச்சமாகி நீரைத் தழுவி நின்றுவிடுகின்றது. எடுப்பாக வேண்டியது வெறும் பெயர்த்தொடராகின்றது. உண்மையென்றோ பொய்யென்றோ சொல்லத்தக்கது அங்கு யாதுமில்லை. ‘தாவரம் வெளிவிடும் ஒட்சிசன்’ என்பதும் அத்தகையதே. எப்பொழுது வெளிவிடும், ஒளியிலா, இருளிலா என்னும் வினா எழுவதற்கே அத்தொடர் இடந்தரவில்லை. ஏனெனில் அது இன்னும் எதனையும் கூறி முடிக்கவில்லை.

‘நீரை’ என உருபோடு கட்டத்துள் எழுதினால் என்னை எனின், அவ்வாறு எழுதிய கட்டம் அடுத்த கோட்டுக்கு உதவாது. நீரை ஆவியாகும் என எவரும் கூறார். ‘உறிஞ்சப்படும்’ எனத் திருப்பி எழுதலாமெனின், ‘படு’ மிகுந்து ஏற்கெனவே நலிந்துள்ள பாடநூற்றமிழ் மேலும் நலியும். முதற்கட்டத்தையும் இறுதிக்கட்டத்தையும் சேர்த்து, நடுச்சொல்லை ஈற்றில் வைத்து வாசிக்குமாறு மாணவனைப் பழக்குவாரும் இருத்தல் கூடும். செய்யுளுக்கு நன்னூலார் கூறிய கொண்டுகூட்டும் மொழிமாற்றும் தாவரவியலுக்கும் வேண்டியனவாகும் போலும்!

வழி தமிழிலேயே உண்டு. ‘உறிஞ்சும்’ என்பதனை ‘உறிஞ்சுவது’ என மாற்றினால், ‘வேர் உறிஞ்சுவது நீர்’ என முற்றுப்பெற்ற வாக்கியம் கிடைக்கின்றது. உருபும் வேண்டா, வரிசையும் மாற வேண்டா. நாடோறும் வழங்கும் பேச்சிலும் இத்தொடரமைப்பு இயல்பாக உள்ளதே. ஆயின் இதன்கண்ணும் நுட்பமொன்று உண்டு. ‘வேர் உறிஞ்சுவது நீர்’ எனின், பிறிதொன்றையும் உறிஞ்சாது என்னும் பொருளும் தொனிக்கும். வகுப்பிலே கூர்மையுள்ள மாணவன் ஒருவன் இதனை மறுத்தல் கூடும். அவ்வாறு மறுப்பானாயின் மென்பொருளின் எவ்வசதியும் செய்யாத ஒன்றை அவ்விணைப்புச் சொல் செய்துவிட்டதென்க.

இரண்டு படங்களை ஒப்பிட்டு, ஒத்தனவும் ஒவ்வாதனவும் காட்டும் வசதி இம்மென்பொருளில் உண்டு. ஒருவன் படத்தில் ‘உறிஞ்சுவது’ என்றும், மற்றவன் படத்தில் ‘மண்ணிலிருந்து உறிஞ்சுவனவற்றுள் ஒன்று’ என்றும் இருப்பின், இரண்டும் வேறு என அது காட்டும். எது செம்மையானது எனக் கூறாது. அவ்விருவரும் ஒரு கணினியின் முன்னமர்ந்து அவ்வொரு சொல்லைப் பற்றிப் பிணங்குவராயின், ஆசிரியர் தீர்ப்புக் கூற விரைய வேண்டியதில்லை. நீரோடு வேறு யாது வேரினுட் செல்கின்றதென அவர் வினவினாற் போதும். இதுகாறும் தரிப்பிடத்தில் ஒதுங்கிநின்ற ‘கனியுப்பு’ என்னும் கட்டம் அப்பொழுது படத்துள் வருகின்றது. அதனை வேரோடு தொடுக்கும் கோட்டின் நடுவில் நான்கு வினாக்குறிகள் நிற்கின்றன.