எதோடு ஒப்பிட்டு?

யோகா உடம்புக்கு நல்லதா என்று கேட்டால் ஆம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து நடமாடுவதுகூட நல்லதுதான். ஆகவே அந்தப் பதிலால் யோகாவைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. எந்த நோவுக்கு, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு நல்லது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுச் செய்த ஆய்வுகள் ஒரு தீர்ப்புக்கு வரும் அளவுக்கு இன்று நம்மிடம் இருக்கின்றன.

முதுகுவலியிலிருந்து தொடங்குகிறேன், மற்றவற்றைவிடத் தெளிவான சான்றுகள் அங்கேதான் கிடைக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட இடுப்புவலியோடு இருந்த 228 பேரை, சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல் மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2011-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வாரம் ஒரு வகுப்பாக 12 வாரம் யோகா. இன்னொரு குழுவுக்கு அதே அளவில், தசைகளை நீட்டித் தளர்த்தும் சாதாரணப் பயிற்சி. மூன்றாவது குழுவினரின் கையில் முதுகுவலிக்கான ஒரு சுயபராமரிப்புப் புத்தகம் மட்டும். புத்தகம் வாங்கிப்போனவர்களைவிட யோகா செய்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். நீட்டல் பயிற்சி செய்தவர்களும் அதே அளவு தேறினார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் ஆய்வு யோகாவின் வெற்றிக்கதையாகிவிடும். பிரசாரத்தில் வழக்கமாக விடுபடுவது இந்த வாக்கியம்தான். பல நாடுகளில் நடந்த 21 சோதனைகளை, 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றுசேர்த்து எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் (2022) இதைத்தான் சொல்கிறது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட யோகா செய்பவர்களின் அன்றாட இயக்கம் சற்று மேம்படுகிறது. வேறு முதுகுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அநேகமாக இல்லை.

இதை யோகாவின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. பாஸ்டன் பகுதியில், பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்களான 320 பேரிடம் செய்த சோதனையில் (2017), ஒருவருக்கு ஒருவர் என்று நேரில் தரப்பட்ட பிசியோதெரபிக்குக் குழு வகுப்பாக நடந்த யோகா சளைக்கவில்லை. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், பல பேர் என்று ஏறத்தாழ அதே பலன் கிடைக்குமானால், பிசியோதெரபிஸ்டைத் தேடி வாரந்தோறும் பஸ் ஏற முடியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இதயத்தின் கதை வேறு. மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேரை வைத்து இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் யோகா-கேர் என்ற சோதனை நடந்தது. முடிவுகள் 2020-இல் அச்சேறின. யோகா ஆய்வுகளில் இவ்வளவு பெரியதும் இவ்வளவு ஒழுங்கானதும் அபூர்வம். இந்தியர்கள் பெருமைப்பட வேண்டிய உழைப்பு. பாதிப் பேருக்கு மூன்று மாதத்தில் 13 யோகா வகுப்புகள், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு அறிவுரை. ஏறக்குறைய 22 மாதம் கழித்துப் பார்த்தபோது, மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் அவசர அனுமதி ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் யோகா குழுவில் 131 பேர், மற்றதில் 146 பேர். தற்செயலாகவே வந்துவிடக்கூடிய இடைவெளி அது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேருக்கே பாதிப்பு வந்ததால், சிறிய பலன் இருந்திருந்தாலும் பிடிபட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் யோகா செய்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் முந்தினார்கள், தங்கள் உடல்நிலைக்குத் தாங்களே தந்த மதிப்பெண்ணும் சற்றுக் கூடுதலாக இருந்தது.

அதே ஆய்வில், பத்து வகுப்புக்குக் குறையாமல் வந்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்ததாக ஒரு கணக்கும் உண்டு. அதை வைத்துக்கொண்டு யோகா மறு மாரடைப்பைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. தவறாமல் வகுப்புக்கு வரக்கூடியவர் ஏற்கெனவே தெம்பானவராக, மாத்திரையையும் தவறாமல் போடுபவராக இருக்கக்கூடும். அவரைக் காத்தது ஆசனமா, அந்த ஒழுங்கா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

மனநலத்தில் யோகாவின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. தீராப் பதற்றத்தால் அவதிப்பட்ட 226 பேரிடம் செய்த சோதனையில் (2021) குண்டலினி யோகா வகுப்புக்குப் போனவர்களில் 54 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் தேறியவர்கள் 33 விழுக்காடு. ஆனால் சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களிலோ 71 விழுக்காட்டினர் தேறினார்கள். உளவியல் சிகிச்சையாளர் கிடைக்காத ஊரில் யோகாவைப் பரிந்துரைக்க இது போதும். கிடைக்கும் ஊரில் அவரைத் தவிர்த்துவிட்டு யோகாவுக்கு அனுப்ப இது போதாது. இந்த எண்களையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். யோகாவில், தான் யோகா செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரிந்தே இருக்கும். பதற்றமும் வலியும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும்.

நடைப்பயிற்சிக்கு மாற்றாகவும் யோகாவைச் சொல்வதுண்டு. 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஹட யோக வகுப்பில் செலவான சக்தியை அளந்தார்கள். மணிக்கு 3.2 கிலோமீட்டர் என்று மெதுவாக நடப்பதற்குச் சமமாக இருந்தது. சூரிய நமஸ்காரத்தை விடாமல் செய்தால் கூடும்தான். ஆனாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய உழைப்பை ஆசனம் மட்டும் தந்துவிடாது.

தீங்கு பற்றிப் பேச நம் வகுப்புகளில் தயக்கம் இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சிரசாசனத்தில் வைத்து அளந்தபோது (2006), கண்ணின் உள்ளழுத்தம் இரண்டு மடங்காகியிருந்தது. அதற்காக அவர்களுக்குக் கண்நோய் கூடுதலாக இருந்துவிடவில்லை. ஆனால் கண்ணழுத்த நோயான கிளாக்கோமா இருப்பதே தெரியாத ஐம்பது வயதுக்காரரை முதல் மாதத்திலேயே தலைகீழாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் யோசிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. யோகா நல்ல உடற்பயிற்சி. பதற்றத்துக்கு நல்ல துணைச் சிகிச்சை. மற்ற நல்ல பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. சர்க்கரை மாத்திரையையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் யோகாவை நம்பி நிறுத்தச் சொல்பவர் செய்வது குற்றம். அதை வேறு சொல்லால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த வகை யோகா என்பதும் முக்கியம். தொடக்கத்தில் சொன்ன வாஷிங்டன் ஆய்வில் கற்றுக்கொடுத்தது விநியோகா என்ற யோக முறை. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் சென்னையில் இருந்துகொண்டு வளர்த்த வழி அது. வயதையும் வலியையும் மூச்சையும் பார்த்து ஆசனத்தை ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் அதன் உயிர்நாடி. யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வளைவதற்கு நேர் எதிரானது அது. பக்கத்துத் தெருவில் வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கண், முதுகு, ரத்தக்கொதிப்பு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே விசாரிக்கும் ஆசிரியரிடம் சேருங்கள். விசாரிக்காமல் விரிப்பைப் போடச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.