பச்சை நிறத்தில் ஒரு பாஸ்

கையடக்க நெட்வொர்க் டெஸ்டர்களில் டிராஃபிக் ஜெனரேஷன் என்று ஒரு மெனு உண்டு. என்ன வேகம், ஃபிரேம் எத்தனை பைட், எத்தனை நொடி, எந்த முகவரிக்கு. இதை நிரப்பி ஸ்டார்ட் அழுத்தினால், கடைசியில் பச்சை நிறத்தில் பாஸ் வரும். லைன் போட வந்தவர் அதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார், ஆபீஸில் கையெழுத்துப் போட்டு மாதாமாதம் பணம் கட்ட ஆரம்பிப்பார்கள். என் புகார் அந்தப் பச்சையின் மேல்தான்.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் என்று போடுகிறோம். எதன் 100? ஈதர்நெட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 8 பைட் பிரியாம்பிள், பின்னால் 12 பைட் இடைவெளி. இந்த 20 பைட்டும் கம்பியில் இடம் பிடிக்கும், ஃபிரேமில் சேராது. லேயர் 1 கணக்கில் இது உண்டு, லேயர் 2 கணக்கில் கிடையாது. 1518 பைட் ஃபிரேம் என்றால் வித்தியாசம் சொற்பம்: லேயர் 1-ல் 100 என்பது லேயர் 2-ல் 98.7. அதையே 64 பைட்டாக மாற்றிப் பாருங்க, 76.2தான். கிட்டத்தட்ட கால்வாசி காணோம்! லேயர் 2 கணக்கில் 80-க்கு மேல் வெட்டுகிற லைனில்கூட இந்த '100' பாஸ் ஆகிவிடும். எந்த லேயர் என்று எழுதாத ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இந்த மெனுக்களுக்கு மூதாதை 1999-ல் ஸ்காட் பிராட்னரும் ஜிம் மெக்வெய்டும் எழுதிய ஆர்எஃப்சி 2544. அதில் ஈதர்நெட்டுக்கு 64-லிருந்து 1518 வரை ஏழு ஃபிரேம் அளவுகள், ஒவ்வொரு ஓட்டமும் குறைந்தது 60 நொடி. எங்கள் ஆபீஸுக்கு வந்த ரிப்போர்ட்டில் 1518 மட்டும், 10 நொடி! இன்னொன்று, அந்த ஆர்எஃப்சி ஆய்வகத்தில் தனியாக வைத்த கருவிக்காக எழுதப்பட்டது. ஓடுகிற நெட்வொர்க்கில் அதைப் பயன்படுத்துவது கேடு என்று தலைப்பிலேயே சொல்லி 2012-ல் ஆர்எஃப்சி 6815 வந்தது. யார் படித்தார்கள்?

ஆனால் இதையெல்லாம்விட என்னை உறுத்துவது பர்ஸ்ட். டெஸ்டர் சாதாரணமாக சீரான தாளத்தில் அனுப்பும்: 100 எம்பிபிஎஸ்-க்கு 123 மைக்ரோ நொடிக்கு ஒரு 1518 பைட் ஃபிரேம். டிசிபி அப்படி அனுப்பாது, கொத்தாகக் கொட்டும். வேகத்தை வெட்டுகிற போலீசரிடம் ஒரு டோக்கன் வாளி இருக்கிறது. அது 12,000 பைட், அதாவது ஏழெட்டு ஃபிரேம் கொள்ளும் வாளி என்று வையுங்கள். சர்வர் 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 40 ஃபிரேமை அடுத்தடுத்துத் தள்ளுகிறது. முழுக்க வந்துசேர அரை மில்லி நொடி. அதற்குள் வாளியில் புதிதாக நிரம்புவது சுமார் 6,000 பைட்தான். பதினோரு, பன்னிரண்டு ஃபிரேம் தப்பிக்கும், மற்றதெல்லாம் குப்பை. டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் 'நெட் ஸ்லோ' என்று போன் செய்வீர்கள், அவர்கள் பச்சை ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. டிசிபியை வைத்தே அளக்க 2011-லேயே ஆர்எஃப்சி 6349 வந்தாச்சு.

முகவரிக் கட்டமும் சும்மா இல்லை. பதிலே அனுப்பாத ஒரு மேக் முகவரிக்கு ஒருவழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தால், சுவிட்ச் அதை மறந்துவிடும். பல சுவிட்சுகளில் அதற்கு 300 நொடி. பிறகு உங்கள் டெஸ்ட் டிராஃபிக் அந்த விலானின் எல்லா போர்ட்டுக்கும் பாயும். பக்கத்து மேசைக்காரர் எதற்கு அவதிப்பட வேண்டும்?

லைன் வாங்குகிறவர் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது: எந்த லேயர், எந்தெந்த ஃபிரேம் அளவு, எத்தனை நொடி, பர்ஸ்ட் வைத்தீர்களா, டிசிபி ஓட்டினீர்களா. முழுசாக ஓட்டினால் கொஞ்ச நேரம் கூடப் பிடிக்கும். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்க.