அணியின் பெயர் தெரிந்தால் போதுமா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது புதுக்கோட்டைப் பக்கம் மாலை ஸ்பெஷல் கிளாஸ்களில் ஆங்கிலக் கவிதை ஓர் அட்டவணையாகிவிடுகிறது. ஒரு கட்டத்தில் வரி, அடுத்ததில் அணி, அதற்கடுத்து ரைம் ஸ்கீம். ‘லைக்’, ‘ஏஸ்’ வந்தால் சிமிலி. உயிரற்றது பேசினால் பெர்சானிஃபிகேஷன். பிள்ளைகள் புரட்டுவது கவிதையை அல்ல, இந்த அட்டவணையைத்தான்.

குறை சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் 2019-20 கல்வியாண்டு முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். தேர்ச்சிக்கு 35. மணமேல்குடியின் மீனவர் வீட்டிலிருந்தோ கறம்பக்குடியின் விவசாயி வீட்டிலிருந்தோ வந்து, ஆங்கிலத்தில் சொந்தமாக நாலு வரி எழுதத் தடுமாறுபவருக்கும் அணியின் பெயர் ஓரிரு மதிப்பெண் தரும். மனப்பாடப் பாடல் இன்னும் ஐந்து தரும். விடைத்தாளை வெறுமனே மடித்துக் கொடுக்காமல் காப்பாற்றும் பிடிமானம் அது. அதைப் பிடுங்கிவிட்டு ‘ரசித்துப் படி’ என்பது வயிறு நிறைந்தவர் சொல்லும் பத்தியம்.

ஆனால் அட்டவணை கண்ணுக்கானது, கவிதை காதுக்கானது. தமிழில் மோனையை எழுத்தைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போகிறவர் வழுக்கி விழுகிறார். ‘கேட்’ (cat), ‘சிட்டி’ (city) இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஓசை வேறு. ‘கிங்’ (king), ‘கேஸில்’ (castle) வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன, ஓசை ஒன்று. பாடலை யாரும் உரக்கப் படித்துக் காட்டாவிட்டால் இது எப்படிப் பிடிபடும்? 1990களின் தொடக்கத்தில் பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டு அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வளர்த்த மாவட்டம் இது. காது வழியே கண்ணுக்குப் போகும் பாதை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பாடநூலில் ரட்யார்ட் கிப்ளிங்கின் இயந்திரங்களைப் பற்றிய கவிதை இருக்கிறது. இயந்திரங்களே ‘நாங்கள்’ என்று பேசுகின்றன. தங்கள் ஆற்றலை அடுக்குகின்றன. பிறகு தங்களுக்கு அன்போ இரக்கமோ மன்னிப்போ தெரியாது என்று எச்சரிக்கின்றன. ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று எழுதியதும் பிள்ளை பேனாவை மூடிவிடுகிறது. மனிதனைப் போலப் பேசும் ஒன்று தனக்கு மனித மனம் இல்லை என்று சொல்வதில்தான் கவிதையின் முள் இருக்கிறது. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

மாற்று வழி பக்கத்துப் பீரியடிலேயே இருக்கிறது. உவமையும் உருவகமும் தமிழ் வகுப்பில் பழகியவைதான். ‘இயந்திரம் ஏன் பேச வேண்டும்?’ என்று முதலில் தமிழில் பேசவிட்டு, பிறகு இரண்டு எளிய ஆங்கில வாக்கியமாக எழுதவைக்கலாம். ஆனால் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தோடு அப்படியே பொருத்திவிடவும் கூடாது: அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகை வேறு, அடியின் முடிவில் வரும் ரைம் வேறு, ரைமுக்குப் பக்கத்தில் நிற்பது இயைபு.

அட்டவணையை எரிக்க வேண்டாம். இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும்: ‘ஏன்?’ அதற்கு வினாத்தாளும் ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். பெயரை மட்டும் கேட்கும் தாளுக்குப் பெயரை மட்டும் சொல்லித்தரும் ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.