பின்வரிசைக்கும் பெயர் வேண்டும்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலும் அயல் ஊர்களிலும் சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்களின் 'குறூப் போட்டோ'க்கள் சுவரிலும் ஆண்டு மலர்களிலும் நிறைந்திருக்கின்றன. யார் ஒன்றுகூடினார்கள் என்பதற்கு அவை நல்ல சாட்சி. யார் உழைத்தார்கள் என்று கேட்டால் அந்தச் சாட்சி தடுமாறுகிறது.

முதலில் அவற்றின் பலம். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் போட்டு அங்கத்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பிரதியின் அருமை இழப்பில்தான் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அழிந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் இவ்வூர்கள் அடங்கிய வலிகாமமே போரால் இடம்பெயர்ந்தபோது சுவரிலிருந்த படங்களைக் கழற்ற யாருக்கு நேரமிருந்தது? ஆனாலும் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ ஒரு பிரதி மிஞ்சினால், கூட்டக் குறிப்பேடு தொலைந்த சங்கத்துக்கும் வரலாறு மிஞ்சும்.

குறை நாற்காலியில் தொடங்குகிறது. தலைவரும் பிரதம விருந்தினரும் நடுவில் இருப்பார்கள். 'இருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று அவர்களின் பெயர் பட்டம் பதவியோடு அச்சாகும். பின்னால் நிற்பவர்கள் பல படங்களில் வெறும் 'அங்கத்தவர்கள்'. யாழ்ப்பாணத்தில் ஆசனம் சின்ன விஷயமன்று. 1930ஐ ஒட்டிய காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளியில் வாங்கில் சமமாக இருப்பதற்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காகக் குரல் கொடுத்தது. அந்த மண்ணின் படத்தில் யார் இருக்கிறார், யார் நிற்கிறார், யார் படத்திலேயே இல்லை என்று கேட்டே ஆகவேண்டும்.

கருவியை மாற்றினால் இந்தக் குறை தீருமா? 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சேர்க்கட் கமரா, தாங்கியின் மேல் சுழன்று, சகோதரத்துவச் சங்க மாநாடுகளை நீண்ட படச்சுருளில் பதிந்தது. ஆட்கள் அதைச் சுற்றி வளைவாக நிற்பார்கள். எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்பதால் முகங்களெல்லாம் ஒரே அளவில் விழும். அந்தச் சமத்துவம் படச்சுருளோடு நின்றது. அச்சங்கங்களில் பல கறுப்பினத்தவரைச் சேர்க்கவேயில்லை.

ஆகவே திருத்தம் கமராவில் இல்லை, படத்தின் கீழே எழுதும் வரிகளில் இருக்கிறது. நூலக நிறுவனம் போன்றவை ஈழத்து ஆவணங்களை எண்மமாக்கி வருகின்றன. படத்தை ஸ்கான் செய்வதோடு நிற்காமல், அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் உள்ளபோதே பின்வரிசையிலிருந்து பெயர் கேட்டு எழுதவேண்டும். பந்தல் போட்டவர், சமைத்த பெண்கள், கணக்கு எழுதியவர் படத்தில் இல்லாவிட்டாலும் அவர்களின் பெயரையும் சேர்த்தெழுதுவதே நேர்மையான சங்க வரலாறு.