‘வார் ஃபினிஷ்’: மெருகு வேறு, தரம் வேறு

தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் லைசன்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதையொட்டி டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும். “சண்டை நேரத்துல செஞ்சதெல்லாம் அவசரச் சரக்குங்க. சண்டை முடிஞ்சப்புறம் வந்ததுதான் தரம்.” துப்பாக்கி பற்றி எழுதுபவர்களில் பலரும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

பர்மிங்காமில் செய்த வெப்லி மார்க் 4 ரிவால்வரைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் உட்கார்ந்து மெருகு ஏற்ற ஆளுமில்லை, நேரமுமில்லை. கம்பெனி பேர் கெட்டுடக் கூடாதுன்னு, ‘வார் ஃபினிஷ்’ என்று உடம்பிலேயே முத்திரை குத்தி அனுப்பினார்கள். மேலே கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். ஆனால் அந்த முத்திரை சொல்வது மேற்பரப்பை மட்டும்தான்.

அதே .38 ரகத்தில் பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த இன்னொன்று என்ஃபீல்டு நம்பர் 2. இதில் 1942இல் உற்பத்தியை வேகப்படுத்த, சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் ஒரு சின்ன உறுப்பையே எடுத்துவிட்டார்கள். விளைவு, குண்டு போட்ட நிலையில் கைதவறிக் கீழே விழுந்தால் வெடிக்கலாம். போர் முடிந்ததும் திரும்ப வாங்கி, அந்த உறுப்பை மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியே எவ்வளவு தேய்த்துப் பார்த்தாலும் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது.  இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘போர்க்காலத் தரம்’ என்று எழுதுவதுதான் என் குறை.

சமாதான காலமும் யோக்கியமில்லை. ஜெர்மனியின் வால்தர் பி38, போரின் கடைசி வருடங்களில் சொரசொரப்பாகவே வந்தது. சட்டம் மட்டும் எஃகு. 1957இல் மேற்கு ஜெர்மனி ராணுவத்துக்காக மறுபடி செய்தபோது மெருகு திரும்பியது, சட்டம் அலுமினியமாகிவிட்டது. எடை குறைந்தது சரி. பிற்பாடு அதே சட்டத்தில் ஒரு எஃகு முளையைச் செருகிப் பலப்படுத்தினார்களே, அது ஏன்?

நம்மூருக்கு வருவோம். .38 இங்கே பொதுவாகத் தடை செய்யப்பட்ட ரகம், சாமானியருக்கு.32தான். கான்பூர் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர் அந்த வெப்லி மார்க் 4இன் வாரிசு. டீக்கடைக்காரர் தரம் என்று காட்டுவதே போர்க்காலத்திலும் ஓடிய அதே வடிவத்தைத்தான். பக்கத்தில் திருச்சி நவல்பட்டு துப்பாக்கி ஆலை வந்தது 1966இல். 1962 சீனப் போருக்கும் 1965 பாகிஸ்தான் போருக்கும் பின்னால், 1971க்கு முன்னால். அங்கே முதலில் செய்த துப்பாக்கியை எந்தக் கணக்கில் எழுதுவது?