பூங்காவுக்கு மறுகால் எங்கே?

குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் செங்கோட்டைப் பக்கம் முதலில் கேட்பது "மறுகால் பாயுதா?" என்றுதான். குளம் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் போகிற வழிக்குப் பேர் மறுகால். அது அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்கு. இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டுதான் போன ஐப்பசியில் சென்னையில் ஒரு ஸ்பாஞ்ச் பார்க்கைப் போய்ப் பார்த்தேன்.

2021 வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சி ஐம்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் இந்த வேலையைக் கையில் எடுத்தது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருத் தண்ணீர் நேராக வடிகாலுக்கு ஓடாமல் பூங்காப் பள்ளத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், சரளையும் மணலும் வழியாக மண்ணுக்குள் இறங்கும். நான் பார்த்த இடத்தில் (பேர் வேண்டாம்) பள்ளம் இருந்தது, கல் அடுக்கு இருந்தது, புல்கூட அழகாத்தான் இருந்தது. ஆனா பூங்கா தெருவை விட ஒரு அடி உசரம்! தண்ணி மேடேறியா வரும்? பூங்காவுக்குள் விழுந்த மழைதான் அங்கே தேங்கிக் கிடந்தது. நிரம்பினால் வெளியேற வழியும் என் கண்ணில் படவில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குட்டை 6 லட்சம் லிட்டர் பிடிக்கும். சுற்றிலும் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் அளவுக்குக் கூரையும் ரோடும் இருந்து, 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 10 லட்சம் லிட்டர். அதில் முக்கால்வாசி ஓடி வந்தாலே குட்டை வழிந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மழைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. போதாததுக்கு, கடலோரத் தாழ்வான இடங்களில் கார்த்திகை வாக்கில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும். ஏற்கெனவே நனைந்த பஞ்சு எதை உறிஞ்சும்?

அதனால் இது வீண் என்று நான் சொல்லவில்லை. 5 செ.மீ. மழைக்கே முழங்கால் தண்ணி நிற்கிற தெருவுக்கு இது பெரிய உதவி, தண்ணீர் உள்ளே வர வழி இருந்தால். பாங்காக்கில் 2017-இல் திறந்த சுலாலாங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 11 ஏக்கர் நிலத்தையே மூன்று டிகிரி சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்முனையில் புல் போர்த்திய கூரை, கீழ்முனையில் குளம். மொத்தமாகச் சுமார் 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். அங்கே முதலில் யோசித்தது தண்ணீரின் பாதையை. நம்மிடம் குழி வெட்டுவதுதான் முதல் வேலை. பில் போடவும் குழிதான் சுலபம்.

நாளைக்கே எங்கள் ஊருக்கும் இந்தத் திட்டம் வரலாம், வரட்டும். ஆனா இங்கே வெள்ளம் மலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் இறங்குகிற வெள்ளம். மேற்கே மழை பிடித்தால் 36 அடிக் குண்டாறு அணையே சட்டென்று நிரம்பி வழியும். அதைத் தாங்குவது குளமும் காலும் மறுகாலும்தான். அதைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, பூங்காவில் குட்டை வெட்டிப் படம் எடுத்துப் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்துக்கு எனக்கு எவ்வளவு உரிமை இருக்கு என்பது வேறு விஷயம். எங்க வீட்டுப் பின்சுவரே ஒரு மறுகால் ஓடையை ஒட்டித்தான் நிற்கிறது. அப்பா கட்டும்போது ஓடை இதைவிட அகலம். 2024 டிசம்பர் மழையில் தண்ணி அந்தச் சுவர் வரைக்கும் வந்து, ராத்திரி முழுக்க நின்றது.